பூஞ்சணத்துக்குச் சரியான பெயர் தேடிய டொம் பெட்ச்

மாரி மழை தொடங்கினால் எங்கள் சாய்ந்தமருதில் பூஞ்சணம் தொடாத பொருள் இல்லை. பாண், தோல் செருப்பு, அலுமாரிக்குள் பத்திரப்படுத்திய காணி உறுதி எல்லாவற்றிலும் படரும். துடைத்து எறிகிறோம், அதற்கும் பெயர் உண்டென்று நினைப்பதில்லை. இந்தத் தீவின் பங்கசுகளுக்குரிய பெயர்களைச் சரிபார்ப்பதிலேயே பல்லாண்டுகளைச் செலவிட்டவர் டொம் பெட்ச். விவசாய பாடம் கற்பித்த காலம் முதல் அவர் வாழ்க்கை என்னை ஈர்த்து வருகிறது.

1870இல் இங்கிலாந்தின் யோர்க்சயரில் பிறந்த பெட்ச், முதலில் பள்ளி ஆசிரியர். 1905இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பங்கசு ஆய்வாளராக வந்தார். அந்தப் பதவியின் தேவையை இலங்கை பெரும் விலை கொடுத்தே உணர்ந்திருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் கண்ட செம்மஞ்சள் நோய்க்கு, இங்கிலாந்திலிருந்த பெர்க்லி ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஆனால் நோய் நிற்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

பெர்க்லியும் புரூமும் இலங்கைப் பங்கசுகள் பலவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர். பேராதனையிலிருந்து த்வெய்ட்ஸ் அனுப்பிய உலர்ந்த மாதிரிகளே அவர்களுக்கு ஆதாரம். உலர்ந்தால் நிறம் மாறும், வடிவம் சுருங்கும். அதனால் ஒரே பங்கசு வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருந்தது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. சுனாமிக்குப் பின் ஒரு நிவாரணப் பட்டியலில் என் வாப்பாவின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று காட்ட மாதக்கணக்கில் அலைந்தோம்.

பெட்ச் பங்கசு வளரும் இடத்துக்கே போனார். கறையான் புற்றுகளைத் தோண்டி, உள்ளே கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்திலிருந்தே நாம் சமைத்துண்ணும் புற்றுக்காளான் எழுவதைக் கவனித்தார். அதன் பல தோற்றங்களுக்கு இடப்பட்டிருந்த தனித்தனிப் பெயர்களை ஓரினமாகச் சேர்த்தார். அவற்றில் சிலவற்றைப் பின்வந்தோர் மீண்டும் பிரித்தனர். காளானின் பேரினத்துக்கு 1942இல் டெர்மிடோமைசிஸ் என்ற புதிய பெயரும் வந்தது. ஆனாலும், உயிருடன் பார்த்த பிறகே பெயரைத் தீர்மானிக்க வேண்டும் என்ற அவர் வழி பிழைத்துப் போகவில்லை.

செதில் பூச்சிகளையும் வெள்ளை ஈக்களையும் கொல்லும் பங்கசுகளை ஆராய்ந்து 1921இல் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். அவை வாழ்வின் ஒரு பருவத்தில் அஸ்கர்சோனியா என்றும் மறுபருவத்தில் ஹைபோகிரெல்லா என்றும் அழைக்கப்பட்டன. எந்தப் பருவம் எதனுடையது என்று இணைத்துக் காட்ட முயன்றார். ஒரு பங்கசுக்கு ஒரே பெயர் என்று உலகத் தாவரவியலாளர்கள் முடிவெடுத்தது 2011இல்தான், மெல்பேர்ன் மாநாட்டில்.

இறப்பர், தேயிலை நோய்கள் பற்றியும் நூல்கள் எழுதிய அவர், 1925இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரானார். 1928இல் நாடு திரும்பிய பிறகும் இலங்கைப் பங்கசுகளை விடவில்லை. 1948இல் இறந்தார். பிஸ்பியுடன் சேர்ந்து தொகுத்த இலங்கைப் பங்கசுகள் நூல் 1950இல் வெளியானது. அச்சில் பார்க்க அவர் இல்லை.

அடுத்த மழைக்குப் பின் புற்றுக்காளான் கண்டால், நம் பிள்ளைகள் பிடுங்கிச் சட்டியில் போடுமுன் அதன் அடி எங்கே போகிறதென்று கிளறிப் பார்க்கட்டும்.