மொன்ரிசோரி அம்மையாரும் பாலர் கைகளும்

எமது வன்னிப் பெருநிலத்திலே நாலு வயதுப் பிள்ளை போகும் பள்ளிக்கு அரசாங்கப் பத்திரங்களில் முன்பள்ளி என்று பெயர். மூத்தவர்களைக் கேட்டால் அவர்களிற் பலர் மொன்ரிசோரி என்பர். இச்சொல் ஓர் இத்தாலியப் பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதும், அவர் தமிழகத்திலே சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும், மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கே பல்கலைக்கழகம் புகுந்த பின்னர்தான் தெரியவந்தன. தெரிந்தபின் எழுதாதிருக்க மனம் வரவில்லை.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1870 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆந் தேதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதை அக்காலச் சமூகம் விரும்பவில்லை, தந்தையாரும் விரும்பவில்லை. ஆண் மாணவரோடு கூடி நின்று பிரேதங்களை அறுத்துப் படித்தல் பெண்ணுக்குத் தகாதெனக் கருதப்பட்டமையால், மற்றையோர் போனபின் தனியே இருந்து அப்பாடத்தைக் கற்றார். 1896 இல் உரோம் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் அவர் கண் சென்ற இடம் வேறு. மனநோயாளர் விடுதிகளிலே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் நிலத்திற் கிடந்த பாண் துணுக்குகளைப் பொறுக்குவர். காவற்காரி அதனைப் பெருந்தீனி ஆசை என்று வெறுத்தாள். அம்மையாரோ வேறு காரணம் கண்டார் என்பர். அந்த அறையில் அப்பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கு வேறொரு பொருளும் இருக்கவில்லை! இத்தார், செகுவின் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களைத் தேடிப் படித்து, கைவழியே அறிவைத் தட்டியெழுப்பும் கருவிகளைச் செய்யலானார்.

1898 இல் அம்மையாருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத நிலையிற் பிறந்தமையால் குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தது. அம்மையாரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இதனை விட்டுவிடுவர். நாம் விட விரும்பவில்லை. பதினைந்து வயதளவில் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். பின்னர் அவரே தாயின் வலக்கை ஆனார்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆந் தேதி உரோம் நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழைப் பகுதியிலே பாலர் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் கூலிக்குப் போனபின் பிள்ளைகள் புதிதாய்த் திருத்திய மாடிவீட்டுச் சுவர்களைப் பழுதாக்காதிருக்க ஓரிடம் வேண்டுமென்பதே வீட்டுக்காரரின் நோக்கம். ஐம்பது பிள்ளைகளளவில் வந்தனர். கருவிகளை ஆசிரியை ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். வேண்டியபோது எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாட் காலையில் வந்து பார்த்தால், பிள்ளைகள் தாமே அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய் வேலையில் அமர்ந்திருந்தனர். ஆசிரியை அதைக் களவு என்றார். அம்மையார் அதைத் தெரிவு என்றார். பெரிய அலுமாரி போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் சிறிய திறந்த தட்டுகள் வந்தன.

இங்கே ஒரு வார்த்தை. சென்ற விடுமுறையில் எமது பகுதி முன்பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனோம், பெயர் வேண்டாம். நன்கொடையாகக் கிடைத்த அழகான மரக் கருவிகள் கண்ணாடி அலுமாரியிலே பூட்டியிருந்தன. பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். அலுமாரிக்கு எதிரே நாலு வயதுப் பிள்ளைகள் கொப்பியிலே ‘அ’ எழுதிக்கொண்டிருந்தார்கள், பக்கம் பக்கமாக. எழுதாவிட்டால் பெற்றோர் குறை சொல்கிறார்கள் என்றார் ஆசிரியை. அவரை நாம் நோகவில்லை.

எழுத்தை அம்மையார் ஒதுக்கினவர் அல்லர். மரத்தை மினுக்கும் அரத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, பிள்ளை விரலால் தடவித் தடவி வடிவத்தை அறியச் செய்தார். கண்ணுக்கு முன்னே விரல் எழுத்தைக் கற்றது. விஜயதசமியன்று பச்சையரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கும் எமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் நாம் அதை ஒரு நாளோடு முடித்துவிட்டு, மறுநாள் பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம்.

1909 இல் வெளிவந்த தமது முதற் பெரு நூலிலே பயிர் வளர்த்தலுக்கும் பிராணிகளைப் பேணுதலுக்கும் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். விதையிட்ட பிள்ளை காத்திருக்கப் பழகும்; தண்ணீர் விடாவிட்டால் செடி வாடுமென்பதை எவரும் ஏசிச் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. நவராத்திரிக் கும்பத்தடியில் நவதானியம் இட்டு, நாளுக்கு நாள் முளை எழும்புவதைக் குந்தியிருந்து பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டுமா? வன்னியிலே பருவமே பாடத்திட்டம். மாரி தொடங்கக் காலபோக விதைப்பு, மழை கொட்டினால் குளம் வான்பாயும், தை பிறந்தால் புதுநெல். குரும்பட்டியும் புளியங்கொட்டையும் எண்ணுவதற்குக் காசு கேட்பதில்லை.

புகழ் வந்த காலத்தை விரைந்து கடப்போம். 1913 இல் அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. இத்தாலியிலே முசோலினியின் ஆதரவை ஏற்றார். எமது எண்ணத்தில் அது பிழையே. 1934 அளவில் அவ்வுறவு முறிய, அங்கே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாசியர் மூடினர். 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவிலிருந்து துரத்தியது. அறுபத்தைந்து வயதில் மீண்டும் இடப்பெயர்வு. பின் ஒல்லாந்து தேசம் அடைக்கலம் தந்தது.

1939 ஆம் ஆண்டு இறுதியில், பிரமஞான சங்கத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். முந்நூறு பேருக்கு மேற்பட்டோர் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய ஆட்சிக்கு இருவரும் பகை நாட்டார் ஆயினர். மாரியோ அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அம்மையார் அடையாற்று வளவுக்குள் இருத்தப்பட்டார். ஆகஸ்ட் 31 ஆந் தேதி, அவரது எழுபதாம் பிறந்தநாளிலே, வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். அதுவரை உலகுக்கு மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் அறிமுகமாகியிருந்தவரை, அவருடைய மகன் என்றே அந்தத் தந்தி குறித்தது.

முகாம் என்பது எமக்கும் தெரிந்த சொல். 2009 இல் செட்டிக்குளத்துக் கூடாரங்களில் இருந்தபோது எமக்கு ஆறு வயது. கொப்பி இல்லாத நாட்களில் ஓர் அக்கா எங்களை நிழலில் இருத்தி, மணலில் விரலால் எழுதுவித்தார். கற்களைப் பொறுக்கி எண்ணச் செய்தார். அவர் மொன்ரிசோரி முறையைக் கேள்விப்பட்டிருந்தாரோ அறியோம். அந்த எண்கள் இன்றும் மறக்கவில்லை.

பின்னர் அம்மையார் கொடைக்கானல் மலைக்குச் சென்றார். போர்க்காலமாதலால் ஐரோப்பாவுக்குத் திரும்ப வழியில்லை. அங்கே பல வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளி நடந்தது. மலையிற் கிடைத்த இலை, பூ, பூச்சி, நீர்வாழ் உயிர் யாவும் பாடப் பொருள்களாயின. மண்ணும் நீரும் உயிர்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பிள்ளைக்குக் காட்டும் அவரது பிற்காலக் கல்வி முறை இம்மலையிலேதான் உருப்பெற்றது. அவ்வேலையில் உடனின்றோருள் இலங்கைப் பெண்மணி லீனா விக்கிரமரத்னவும் ஒருவர் என்பதை நாம் பெருமையோடு குறிக்கிறோம்.

1944 இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எமது பாட்டிமாரின் வாயில் அவர் பெயர் ஏறியதற்கு அவ்வகுப்பும் ஒரு காரணமாதல் கூடும். 1946 இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். குழந்தை மனத்தைப் பற்றிய அவரது பெயர்பெற்ற நூல் 1949 இல் அச்சேறியது அடையாற்றிலேயாம்.

1952 ஆம் ஆண்டு மே 6 ஆந் தேதி ஒல்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரிலே அம்மையார் காலமானார். வயது 81. சற்று முன்னர்தான் ஆபிரிக்காவிலே ஆசிரியரைப் பயிற்றப் போவது பற்றி மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார் என்பர்.