அப்பமூர்த்திகளின் மூவா இளமை

சமயகுரவர் நால்வருள்ளே இந்நிலவுலகில் நெடுங்காலம் வாழ்ந்தருளியவர் திருநாவுக்கரசு சுவாமிகள் ஒருவரே. திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகள் 16 ஆண்டும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் 18 ஆண்டும், மாணிக்கவாசக சுவாமிகள் 32 ஆண்டும், அப்பர் சுவாமிகள் 81 ஆண்டும் வாழ்ந்தனர் என்பது நம் முன்னோர் வழக்கு. மூவர் நரைதிரை காணாமுன்னரே சிவபதமெய்தினர். மூப்பை உடம்பாற் கண்டு, அதனோடு வழக்காடாது, அதற்கு அடிமையும் ஆகாது வாழ்ந்து காட்டியவர் அப்பமூர்த்திகள்.

குருபூசைத் தினத்திலே நாம் மாணாக்கர்க்கு அவர் சரிதத்தைக் கூறும்போது நீற்றறையையும், நஞ்சூட்டிய பாற்சோற்றையும், மதயானையையும், கடலில் மிதந்த கல்லையும் சொல்லி முடித்துவிடுகின்றோம். பிள்ளைகள் அவற்றை ஆவலோடு கேட்பர், மணியும் அடித்துவிடும். அவையெல்லாம் சுவாமிகள் சைவத்திற்கு மீண்ட தொடக்கத்திலே நிகழ்ந்தவை. அதன்பின் அவர் நடந்த நடையும் செய்த தொண்டுமே நெடியன. அறுபதில் இளைப்பாறப்போகும் நம்போலியர் கற்கவேண்டிய பாகமும் அதுவே.

சுவாமிகள் கி. பி. ஏழாம் நூற்றாண்டினர். பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவர் என்றும், 642இல் வாதாபி அழிந்தபோது படைத்தலைமை பூண்ட சிறுத்தொண்ட நாயனாரை அறிந்தவர் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் புதல்வராய்த் தோன்றி மருணீக்கியார் எனப் பெயர் பெற்றார். தாய்தந்தையர் இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம்பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரிலே பட்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். நிலையாமையைக் கண்ட தம்பியாரோ சமணஞ் சார்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியிலே அந்நூல்களைத் துறைபோகக் கற்று, தருமசேனர் என்னும் பட்டமும் தலைமையும் பெற்றார்.

அவருடைய இளமை அங்கேதான் செலவாயிற்று. நாள்களை வீணே கழித்தேன் என்று அவர் தம் பதிகங்களிற் பல்கால் இரங்குகின்றார். உடம்பாலும் அறிவாலும் மிக வலியராயிருந்த பருவத்தை இழந்துவிட்டோம் என்ற எண்ணம் ஒருவனை மூப்பிலே தளர்த்திவிடக்கூடியது. அவரை அது தளர்த்தவில்லை. சூலைநோய் வந்து, மந்திரமும் மருந்தும் பயன்படாதொழிய, இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் காலில் விழுந்தார். அம்மையார் திருநீறளித்து, விடியுமுன் திருவலகும் திருமெழுக்குத் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியாரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற் பதிகத்தோடு நோய் தீர்ந்தது. நாவுக்கரசர் என்னும் பெயர் வந்தது. அன்றே அவர் கையிலே உழவாரமும் ஏறிற்று. கல்விக்கடலாகிய ஒருவர் புல்செருக்குங் கருவியை ஏன் தேர்ந்தார் என்று பலர் வினாவுவர். தமக்கையார் கையில் அன்று கண்ட துடைப்பமே காரணம் என்பது எனது கருத்து.

உழவாரத்தைப்பற்றிச் சிறிது விரித்தல் தகும். படத்திலும் திருவுருவத்திலும் அதனை ஓர் அடையாளமாகக் கண்டு பழகிவிட்டோம். அது தோளுக்கு அணியன்று. யாழ்ப்பாணத்தார் முற்றத்துப் புல்லைச் செருக்கும் கருவியை இன்றும் உழவாரம் என்றே வழங்குவர். நிவித்திகலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே முன்னாளில் சுரண்டி என்ற கருவியாற் புல்லெடுத்தனர். மேல்மண் கழுவுண்டு போதல்பற்றி அது பின்னர் ஒதுக்கப்பட்டது. சுரண்டி பிடித்த முதியோரைக் கேட்டால் அவ்வேலை இன்னதென்று சொல்வர். முதுகு வளையவேண்டும், முழங்கால் மடியவேண்டும், உள்ளங்கை காய்க்கவேண்டும். அத்தகைய வேலையை ஓரூரிலன்று, தாம் சென்ற தலந்தோறும், ஒருநாளன்று, தம் வாணாள் முடியுமட்டும் சுவாமிகள் செய்தார். திருவீதியிற் புல்லெடுத்தார், முள்ளெடுத்தார், கல்லெடுத்தார். நாவிலே பாட்டும் நெஞ்சிலே தியானமும் கையிலே வேலையுமாக அவர் நாள் கழிந்தது. ஆசனத்திலே இருந்து அடியார் வணங்க வாழ்வதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அவர் இருந்தாரல்லர்.

இக்கால வைத்திய நூலார், நடுவயதுக்குப்பின் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரையுமென்றும், உழைக்கும் உடம்பில் அக்கரைவு மெல்ல நிகழுமென்றும் கூறுவர். 65 வயதைக் கடந்தோரும் வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலை உழைப்பித்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறியிலே காணலாம். சுவாமிகள் உடல்நலம் கருதியா உழவாரம் எடுத்தார்? அல்லர். ஆயினும் தொண்டு உடம்புக்கும் உதவிற்று என்பதில் ஐயமில்லை. தில்லையும் சீகாழியும் ஆரூரும் மறைக்காடும் காலாலே நடந்து கண்டவர் அவர்.

யான் சிறுவயதிற் பயின்றது மிஷனரிமார் நிறுவிய பாடசாலையிலே. வேதாகம வகுப்பில் மெத்தூசலா என்பவர் 969 ஆண்டு வாழ்ந்தாரென்று படித்தோம். பிள்ளைகளைப் பெற்றார், இறந்தார் என்பதன்றி அவர் அத்தனை ஆண்டும் செய்தது யாதென்று அந்நூல் சொல்வதில்லை. 81 ஆண்டு வாழ்ந்தவருடைய புராணத்தைச் சேக்கிழார் பெருமான் 429 திருவிருத்தங்களாற் பாடவேண்டி நேர்ந்ததை எண்ணும்போது, ஆண்டைக்கொண்டு ஆயுளை அளப்பது எத்துணைப் பேதைமை என்று தோன்றுகின்றது.

உடம்பின் செய்தி இவ்வாறாக, மனத்தின் இளமைக்கு வருவோம். சீகாழியிலே ஒரு சிறு பிள்ளையார் ஞானப்பாலுண்டு பாடுகின்றார் என்று கேட்டவுடனே அவரைக் காண வேட்கைகொண்டு சுவாமிகள் புறப்பட்டார். அடியார் கூட்டத்தினிடையே அப்பிள்ளையார் திருவடியில் விழுந்தார். பிள்ளையார் தம் கையாலே எடுத்து, அப்பரே என அழைத்தார். இவர் அடியேன் என விடைபகர்ந்தார். ஆண்டில் முதிர்ந்தவர் ஆண்டில் இளையவரை வணங்க, இளையவர் முதிர்ந்தவரைத் தந்தையென்றார். அன்று தொடங்கிய நட்பிலே ஒருவர்க்கொருவர் பொறாமை கொண்டதாக ஒரு சொல்லும் இல்லை. தலை நரைத்தபின் நேற்று வந்த வாலிப ஆசிரியர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டறிய நாம் படும் கூச்சத்தை நாமே அறிவோம். பாடசாலைகளிலே முதுமை முதலிற் புகும் வாயில் அக்கூச்சமேயாம். முழங்கால் வலி பின்னரே வரும்.

இருவரும் திருவீழிமிழலையில் உறையும்போது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார் வருந்தாதிருக்க இறைவர் நாடோறும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு வைத்தருளினார். அப்பர் மடத்திலே அடியார் காலத்தோடு உண்டனர். பிள்ளையார் மடத்திலே அமுது தாழ்த்தது. காரணம் வினாவியபோது, பிள்ளையார் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்கின்றனரென்றும், அப்பர் பெற்ற காசை வட்டமின்றி ஏற்கின்றனரென்றும் அமுதாக்குவோர் கூறினர். அப்பர் கையால் தொண்டு செய்பவராதலின் அவர் காசு வாசியின்றி வந்ததெனப் பிள்ளையார் உணர்ந்து, தமக்கும் நற்காசு வேண்டிப் பதிகம் பாடினார். இறைவர் திருமுன்னே பாட்டும் உழைப்பும் நிறுக்கப்பட்ட இடம் இது. நிறுத்துக் கண்டவர் பாட்டின் தலைவராகிய ஆளுடைய பிள்ளையாரே. முதியவரின் காய்த்த கைக்கு ஒரு பாலகர் தந்த நற்சான்று இதனின் மேலானதொன்றில்லை.

பழையாறை வடதளியிலே மறைக்கப்பட்ட சிவலிங்கத்தைக் காணுமளவும் உண்ணாதிருந்ததும், திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே பசியாற் களைத்தபோது இறைவர் ஓர் அந்தணராய்ப் பொதிசோறு தந்ததும் ஆசிரியர்கள் நன்கறிந்தவை. திருக்கயிலை யாத்திரையே ஆழ்ந்து நோக்கற்பாலது. திருக்காளத்தியிலிருந்து திருப்பருப்பதம், மாளவம் முதலிய நாடுகளைக் கடந்து வாரணாசி சேர்ந்து, அதன்பின் உடன்வந்தாரையும் விடுத்துத் தனியே காட்டுவழி புகுந்தார். கிழங்கும் இலையும் உண்பதையும் ஒழித்தார். இரவும் பகலும் நடந்தார். பாதம் தேய்ந்தது, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் உந்தினார். மார்பும் நைந்தது, புரண்டார். புரளவும் மாட்டாது ஓரிடத்தே கிடந்தார். அப்போது இறைவர் ஒரு முனிவராய் வந்து, மானிடர் அடைதற்கரியது அம்மலை, மீள்க என்றார். ஆளும் நாயகன் கயிலையிலிருக்கை கண்டாலன்றி மாளும் இவ்வுடம்புகொண்டு மீளேன் என்பது சுவாமிகள் மறுமொழியின் பொருள்.

அம்மொழியைக் கேட்ட இறைவர் மறைந்து, ஊறெல்லாம் நீங்கி எழுமாறு பணித்தார். நைந்த உறுப்புக்கள் நிரம்ப, ஒளியோடு எழுந்தார். பின் ஆங்கிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே ஒரு வாவியிற் கரையேறி, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசையில் திருவையாற்றிலே இன்றும் அத்திருவிழா நிகழ்கின்றது.

காயகற்பம் தேடுவோர் இவ்விடத்தை எடுத்துக்காட்டி, சுவாமிகள் இளமை பெற்றார் என்று மகிழ்வர். பெற்றது மெய்யே. பெற்றதை வைத்துக்கொண்டு யாது செய்தார் என்பதையும் அவர்கள் படித்தல் வேண்டும். திருப்பூந்துருத்திக்குச் சென்று ஒரு மடம் அமைத்து, பழையபடியே கைத்தொண்டு செய்யத் தொடங்கினார். பாண்டிநாட்டிலே சைவத்தை நிறுவி மீண்ட பிள்ளையார் வருகின்றாரென்று கேட்டு எதிர்சென்று, யாரும் அறியாவண்ணம் கூட்டத்திற் புகுந்து, முத்துச்சிவிகை சுமப்போருள் ஒருவரானார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினாவ, உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்குற்றேன் என்ற விடை சிவிகையின் கீழிருந்து வந்தது. பிள்ளையார் பதைத்துக் கீழே குதித்தார். உடம்பு மீளக் கிடைத்தபின் அதற்கு அவர் கொடுத்த வேலை, தம்மிற் பல்லாண்டு இளையவரைச் சுமப்பது. அதன்பின்னும் அமைந்திலர், பிள்ளையார் சொல்லக் கேட்டுத் தாமும் பாண்டிநாட்டுத் தலங்களைக் காண நடந்தார்.

இறுதியிலே திருப்புகலூரை அடைந்து நெடுநாள் தங்கினார். அங்கும் உழவாரப்பணியே. ஒருநாள் அவர் புல்செருக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்தன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்திலே ஏந்தி வாவியில் எறிந்தார். பின்பு அரம்பையர் வந்து ஆடினர், பாடினர், பூமாரி தூவினர். அவர் வேலை நிற்கவில்லை.

என் வகுப்பிலே மாணாக்கன் ஒருவன் எழுந்து, கிழவரைச் சோதிக்க அரம்பையர் எதற்கு ஐயா என்றான். பிள்ளைகள் சிரித்தனர். வினா நல்ல வினாவே. தோல் சுருங்கினால் ஆசையும் சுருங்குமென்று சிறுவர் எண்ணுவர். பொன்னாசை வயதேற ஏறுமென்பதை அவர்கள் இன்னும் கண்டதில்லை. எண்பதாம் வயதிலும் சோதனை உண்டு என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன்.

அந்நாள்களிலே சுவாமிகள் திருத்தாண்டகங்கள் பலவும் பாடியருளினார். மனித்தர்க்குரிய பிணியிற் கிடந்து இறந்தாரெனச் சேக்கிழார் கூறவில்லை. சித்திரைச் சதயத்திலே, புகலூர்ப் பெருமானை நோக்கித் திருவடிக்கே வருகின்றேன் என்னும் கருத்தமைந்த பதிகத்தைப் பாடிக்கொண்டே சிவானந்த ஞானவடிவாய் அண்ணலார் சேவடிக்கீழ் அமர்ந்தார். அவர் அருளிய பதிகங்களிலே நமக்குக் கிடைத்தவை 300க்குச் சிறிது மேற்பட்டவை. நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. சிவாலயங்களில் நால்வர் திருவுருவம் நிற்கும் வரிசையிலே, கூப்பிய கையும் தோளிற் சார்த்திய உழவாரமுமாக நிற்பவர் அவர்.