காய்கறி விற்றவர் எழுப்பிய மருத்துவமனை



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களுக்கு டான் டோக் செங் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் டாக்டரும் அல்லர், கவர்னரும் அல்லர். நம்மைப் போல உழைத்துப் பிழைக்க வந்தவர்தான். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

டான் டோக் செங் 1798-ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். 1819-ல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்த அதே ஆண்டில், பிழைப்புத் தேடி அங்கே போனார். கையில் பெரிய முதல் கிடையாது. நாட்டுப்புறத்தில் காய்கறி, பழம், கோழி வாங்குவார். பட்டணத்துக்குக் கொண்டுவந்து விற்பார். காசு காசாகச் சேர்த்து 1827-ல் ஆற்றங்கரையில் ஒரு கடை போட்டார். பிறகு வெள்ளைக்கார வியாபாரி ஒருவரோடு சேர்ந்து நிலத்தில் முதல் போட்டார். செல்வம் பெருகியது. ஆசியர்களில் முதன்முதலாக ஜே.பி. என்னும் சமாதான நீதிபதி பதவியும் அவரைத் தேடி வந்தது.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1832 முதல் அது நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரம். கப்பல் கப்பலாகச் சரக்கு வந்தது, ஆளும் வந்தார்கள். ஆனால் நோயில் விழுந்த ஏழைக்குப் படுக்க இடமில்லை. ஏழைகளுக்கென்று இருந்தது அத்தாப்புக் கொட்டகைதான். பன்றி இறைச்சி விற்பனை மீதான வரிப் பணத்தில் அதன் செலவு நடந்தது. 1837-ல் அந்த வரி எடுபட்டதும் வருமானமும் நின்றது. புண்ணோடும் பசியோடும் தெருவில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். நாதியற்று இறந்த சீனர்களைத் தம் செலவில் அடக்கம் செய்தவர் டான் டோக் செங். செத்தவனைப் புதைத்தால் மட்டும் போதுமா? சாகாமல் காப்பாற்ற வேண்டாமா?

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிலையான மருத்துவமனை கட்ட 7,000 ஸ்பானிய வெள்ளி கொடுத்தார். பேர்ல்ஸ் ஹில் என்னும் குன்றின்மீது 1844-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்தை வரைந்தவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். பக்கத்திலேயே ஐரோப்பிய மாலுமிகளுக்கும் ஒரு மருத்துவமனை எழுந்தது. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. மேட்டு நிலத்தில் காற்று வரும், மழைத்தண்ணீரும் தேங்காது.

1847-ல் கட்டடம் முடிந்தது. ஆனாலும் நோயாளிகள் கொட்டகையிலேயே கிடந்தார்கள். 1849-ல் புயல் அந்தக் கொட்டகையைச் சாய்த்த பிறகுதான் குன்றின் மேலே போனார்கள். மறு ஆண்டு, 1850-ல், டான் டோக் செங் காலமானார். வயது 52.

கதை அதோடு முடியவில்லை. சுவர் எழுப்ப ஒருவர் பணம் கொடுத்துவிடலாம். சோறும் மருந்தும் நாள்தோறும் வேண்டுமே! அதற்கு ஊரார் கொடுத்தது போதவில்லை. மகன் டான் கிம் சிங் கட்டடத்தை விரிவாக்கப் பணம் கொடுத்தார். மனைவி லீ சியோ நியோ பெண்களுக்கான பகுதிக்குக் கொடுத்தார். பிறகு குன்று இராணுவத்துக்கு வேண்டும் என்று சொல்லி, 1860-ஐ ஒட்டி மருத்துவமனையைச் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சேரும் பக்கம் மாற்றினார்கள். அது தாழ்ந்த, ஈரம் ஊறிய நிலம். நோயாளிக்கு ஆகாத இடம் என்று குறை எழுந்தது. கடைசியாக 1909-ல் மோல்மீன் சாலைக்கு வந்தது. அதற்குக் கோலாலம்பூர்ச் செல்வர் லோக் யூ 50,000 வெள்ளி உதவினார். எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் அடைக்காமல், காற்றும் வெளிச்சமும் புகத் தனித்தனிக் கூடங்களாகக் கட்டினார்கள்.

2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூரில் நோயாளிகளைத் தாங்கி நின்றது இதே பெயர் கொண்ட மருத்துவமனைதான்.

பரிசு வாங்க மேடையேறும் பிள்ளைகளே! கூடை தூக்கிய கைதான் அந்தக் கொடையைத் தந்தது. நாளை நீங்கள் நன்றாக வாழும்போது, படுக்க இடமில்லாதவனை மறந்துவிடாதீர்கள். பெற்றோர்களே! ஒருவர் எழுப்பிய சுவரைப் பலர் சேர்ந்துதான் காத்தார்கள். நம் பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் அது பொருந்தும், இல்லையா?