பாடும் பிரேக்மேன் ஜிம்மி ராட்ஜர்ஸ்

அமெரிக்கர் கன்ட்ரி இசை என்று வழங்கும் நாட்டுப்புற இசைக்குத் தந்தையெனப் போற்றப்படுபவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். அவர் இசைத்தட்டுகளுக்குப் பாடிய காலம் ஆறு ஆண்டுகளுக்கும் குறைவே. அக்காலம் முழுவதும் அவர் காசநோயாளி.

1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்த அவர், மிஸிஸிப்பி மாநிலத்து மெரிடியன் நகரைச் சொந்த ஊராகக் கொண்டவர். தந்தையார் இருப்புப்பாதை செப்பனிடும் கூலியாட்களுக்கு மேஸ்திரி. இளமையிலேயே தாயை இழந்த சிறுவன், பாதையில் உழைப்போருக்குத் தண்ணீர் சுமந்தான். அங்கே கறுப்பினத் தொழிலாளரின் பாடல்கள் அவன் செவியில் ஏறின. பின்னர் பிரேக்மேன் ஆனார். ரயில்வே குடியிருப்புகளை அறிந்த நம் அன்பர்களுக்கு, வெயிலும் மழையும் பாராத அந்த உத்தியோகத்தை விளக்க வேண்டுவதில்லை.

1924-இல் நோய் வெளிப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதோ 1943-இல். ஓய்வும் நல்ல காற்றுமே அந்நாளைய மருந்து. மனைவி கேரியும் சிறுமகளும் உடைய ஏழைக்கு ஓய்வு ஏது? ரயில்வே வேலைக்கு உடல் இடங்கொடாமற் போகவே, பாட்டையே பிழைப்பாகக் கொண்டார்.

1927 ஆகஸ்டில், விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ப் பியர் என்பவர் பிரிஸ்டல் நகரில் புதிய பாடகர்களைத் தேடி ஒலிப்பதிவு நடத்தினார். ஜிம்மி ஒரு குழுவோடு சென்றார். பதிவுக்கு முன்னரே குழுவுக்குள் பூசல் மூண்டு, தோழர்கள் பிரிந்தனர். அந்தப் பிரிவை நல்வினை என்றே சொல்லத் தோன்றுகிறது. 4-ஆம் நாள் கிதாரும் கையுமாய்த் தனியே நின்று இரண்டு பாடல்கள் பாடினார். ஊதியம் 100 டாலர்.

அழைப்பு வருமெனக் காத்திராமல் தாமே நியூயார்க் சென்று பியரைக் கண்டார். நவம்பரில் கேம்டன் நகரில் பதிவான புளூ யோடல் அவரை நாடறியச் செய்தது. யோடல் என்பது ஆல்ப்ஸ் மலைவாசிகள் குரலைத் திடீரென உச்சத்துக்குத் தாவவிட்டு எழுப்பும் ஒலி. அதனைக் கறுப்பினத்தாரின் புளூஸ் இசையோடு இணைத்துத் தமக்கெனத் தனிப்பாணி கண்டார். நுரையீரல் நைந்த ஒருவர் இப்படிப் பாடினார் என்பதுதான் வியப்பு!

செல்வம் வந்தது, டெக்ஸாஸ் மாநிலத்துக் கெர்வில்லில் பெரிய வீடு எழும்பிற்று. 1930-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளம் ஊத, அவரோடு ஒரு பாடல் பதிவாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒதுங்கி வாழ்ந்த அந்நாளில் அது சிறு செயலன்று. மறு ஆண்டு, தம் நோயையே பொருளாக்கி டி. பி. புளூஸ் பாடினார். ஆனால் நாட்டைப் பீடித்த பொருளாதார மந்தம் இசைத்தட்டு விற்பனையை வீழ்த்தியது; மருத்துவச் செலவு ஏறியது. வீடு கைமாறிற்று.

1933 மே மாதம், குடும்பத்துக்குப் பொருள் தேடி மீண்டும் நியூயார்க் சென்றார். உடன் ஒரு செவிலி. பதிவுக்கூடத்தில் அவருக்கெனக் கட்டில் இடப்பட்டது. ஒரு பாட்டைப் பாடுவார், படுப்பார், எழுந்து அடுத்ததைப் பாடுவார். 17-ஆம் நாள் தொடங்கிய பதிவு, இடையிடையே ஓய்வுடன் 24-ஆம் நாள் முடிந்தது. 26-ஆம் நாள் ஓட்டல் அறையில் உயிர் நீத்தார். வயது 35. விட்டுச் சென்றவை நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள்.

உடல் புகைவண்டியில் மெரிடியன் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கேரி அம்மையார் கணவரின் வரலாற்றை 1935-இல் நூலாக வெளியிட்டார். 1961-இல் கன்ட்ரி இசைப் பெருமக்கள் வரிசை நிறுவப்பட்டபோது, முதலில் சேர்க்கப்பட்ட மூவருள் ஜிம்மியும் ஒருவர்.