தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்: ஓர் இல்லறத்தானின் வாழ்வு

வைகாசித் திங்கள் பிறந்தால் எமது வாவிக்கரை ஊர்களில் கண்ணகை அம்மன் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி முடியும் வரை அம்மன் நினைவைத் தவிர வேறு நினைவு இல்லை. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில், வந்தாறுமூலை என்று எங்கு சென்றாலும் இதே காட்சிதான். அந்த அம்மனின் கதையைச் சொல்லும் பழைய நூலாகிய சிலப்பதிகாரம் முழுமையாக உரையோடு அச்சேறியது 1892 ஆம் ஆண்டில்தான். அதை அச்சேற்றியவர் துறவியுமல்லர், செல்வந்தருமல்லர். பெற்றோர், மனைவி, மகன் என்ற குடும்பத்தை மாதச் சம்பளத்தில் நடத்திய ஓர் ஆசிரியர். அம்மன் அடியார்களாகிய நாம் அன்னாரை நினைவுகூருவது பொருத்தமாகும்.

சோழநாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த வேங்கடசுப்பையருக்கும் சரஸ்வதி அம்மாளுக்கும் மகனாக 1855 பெப்ரவரி 19 இல் சாமிநாதையர் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லி, அதில் கிடைத்த நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனுக்குத் தமிழில் ஆசை என்று கண்டபின், எந்த ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே கொண்டு போனார். அரியலூர், குன்னம், செங்கணம் என்று இப்படி எத்தனை குடிபெயர்வுகள்! பிள்ளையின் படிப்புக்காக வீடு மாறும் பெற்றோரை இன்றும் காண்கிறோம். ஆனால் கையில் காசில்லாமல் அதைச் செய்த தகப்பனின் மனத்திடத்தை என்னவென்பது.

1868 இல், பதினான்காவது வயதில், மதுராம்பிகை என்னும் பெண்ணோடு அவருக்குக் கலியாணம் நடந்தது. கலியாணத்தோடு கடனும் வந்தது. 1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவனாகச் சேர்ந்தபோதும் அந்தக் கடன் வீட்டில் இருந்தது. பின்னர் காரை என்னும் ஊரிலே திருவிளையாடற் புராணம் சொல்லித்தான் கடனைத் தீர்க்க வழி தேடினார். கோயிலில் புராணம் படிப்போருக்கு இச்செய்தி புதிதாக இராது. படிக்கும் நாளிலே அம்மை கண்டு வருந்தியதும் உண்டு. 1876 பெப்ரவரி 1 இல் ஆசிரியர் உயிர் பிரியும் வேளையில் அருகிலிருந்து திருவாசகம் படித்த மாணவர் இவர்.

அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்தார். 1880 பெப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் உத்தியோகம் கிடைத்தது. பெற்றோருக்கு நிம்மதி. இனிக் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்றே யாரும் எண்ணுவர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முனிசீப்பைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ அசையவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை. அந்த ஒரு கேள்வி அவருடைய இரவுகளையும் விடுமுறைகளையும் எடுத்துக்கொண்டது. பகலில் வகுப்பு, இரவில் ஏடு. சமண நூலாகிய சிந்தாமணியில் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்தார். கையொப்பம் சேர்த்தும் கடன் பட்டும் 1887 இல் நூலை வெளியிட்டார். கதை சொல்லிப் பிள்ளையை வளர்த்த தந்தையார் அதைக் கண்ணாற் கண்டார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று தொடர்ந்தது.

எனக்கு மறக்க முடியாதது கரிவலம்வந்தநல்லூர்ச் செய்தி. அவ்வூர்ச் சிவன் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய உண்டென்று கேள்விப்பட்டு ஆவலோடு சென்றார். அங்கிருந்தவர்கள், பழுதான ஏடுகளைச் சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பக்தியோடுதான் செய்தார்கள். அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. எமது பகுதியிலும் கூரைமுகட்டில் செருகி வைத்த ஏடுகள் பல கறையானுக்கும், 1978 நவெம்பர் 23 சூறாவளிக்கும், 2004 டிசெம்பர் 26 சுனாமிக்கும் இரையாகிப் போயின. வழக்குரை ஏடு வைத்திருக்கும் கட்டாடியார் வீட்டார் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். திருவல்லிக்கேணியில் தாம் குடியிருந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். தமக்கு வேலை வாங்கித் தந்த பெரியவரின் பெயர் அது. 1906 இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும் 1932 இல் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் பட்டமும் வந்தன. மகன் கல்யாணசுந்தரையர் தந்தையின் வேலைகளுக்குத் துணை நின்றார். சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892 இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அந்நூலின் அரங்கேற்று காதையை ஆராயத் தொடங்கித்தான் 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். கும்பகோணத்து வீட்டு விளக்கின் வெளிச்சம் எமது வாவிக்கரைக்கு இப்படி வந்து சேர்ந்தது.

1942 ஏப்ரல் 9 இல் ஹேர்மிஸ் என்ற கப்பல் மட்டக்களப்புக் கடலில் யப்பானியரின் குண்டுக்கு மூழ்கியதை எமது முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த யுத்தப் பயத்தில் சென்னையும் காலியாகியது. எண்பத்தேழு வயதில் சாமிநாதையரும் ஏடுகளோடு திருக்கழுக்குன்றம் சென்றார். அம்மாதம் 28 ஆந் திகதி அங்கேயே இறைவனடி சேர்ந்தார். ஆனந்த விகடனில் எழுதிவந்த தன் வரலாறு பாதியில் நின்றது. அவர் சேர்த்த ஏடுகளைக் காக்க மறு ஆண்டு, 1943 இல், சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் திறக்கப்பட்டது.