மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

பிறநாட்டிற் சென்று பேசும் ஸ்தானாபதிக்குப் பின்னே அவர் நாட்டின் படையும் செல்வமும் நிற்பது வழக்கம். அவ்வலிமை ஏதுமின்றி, அடிமைப்பட்டிருந்த இந்தியாவின் பிரதிநிதியாய்க் கடல் கடந்து சென்றவர் மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். அன்னார் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1869ஆம் ஆண்டில், தஞ்சை ஜில்லா வலங்கைமானில், வறிய அந்தணர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கும்பகோணம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியரானார். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915இல் கோகலே மறையவே, அதன் தலைவரானார். 1921இல் லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டிலும், அதனையடுத்து வாஷிங்டன் கடற்படை மகாநாட்டிலும் இந்தியாவின் சார்பாய் அமர்ந்தார். அவரது ஆங்கில நாவன்மையைக் கண்டு உலகம் வியந்தது.

எனினும், அந்நாவன்மைக்குப் பெருஞ்சோதனை தென்னாப்பிரிக்காவிலேயே வாய்த்தது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர் முதலானோரின் சந்ததியாரைத் தனித்து ஒதுக்கவும், தாய்நாட்டிற்கே திருப்பியனுப்பவும் அந்நாட்டரசு முனைந்தது. 1927இல் ஏற்பட்ட கேப்டவுன் உடன்படிக்கையால் ஒதுக்கல் மசோதா கைவிடப்பட்டது. ஆயினும், பொருளுதவி பெற்றுத் தாயகம் திரும்பும் திட்டத்திற்கு இந்தியா இசைய நேர்ந்தது. அங்கேயே தங்குவோரின் கல்வியும் வாழ்வும் உயரச் செய்வதாக அவ்வரசு உறுதி கூறிற்று. அவ்வுறுதியை மெய்ப்பிக்கும் பொறுப்போடு, இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜண்டாக அவ்வாண்டே சாஸ்திரியார் சென்றார்.

1928இல் கிளார்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் சிலர் குலைத்தனர். அவரோ தளர்ந்தாரல்லர். ஊரூராய்ச் சென்று பேசினார். நேட்டால் இந்தியரிடமே நிதி திரட்டினார். அதன் பயனாய், உயர்தரக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் அளிக்கும் சாஸ்திரி கல்லூரி 1929இல் டர்பனில் திறக்கப்பெற்றது. அவரோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தாயகம் திரும்பியிருந்தார்.

ஆள்வோரின் நல்லெண்ணத்தை அளவுக்கு மீறி நம்பினாரென்று அவரைக் குறை கூறினோர் உளர். அக்குறையை நாம் முற்றும் மறுப்பதற்கில்லை. 1950இல் இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டம், உடன்படிக்கை தடுத்து நிறுத்திய ஒதுக்கலையே நாடெங்கும் நிலைநாட்டிற்று. உடன்படிக்கை அழிந்தது, கல்விச்சாலையோ அழியவில்லை. கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரர் அதிற் பயின்று ஆசிரியராயும் மருத்துவராயும் வழக்கறிஞராயும் தலைநிமிர்ந்தனர்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராய் விளங்கிய சாஸ்திரியார், 1946 ஏப்ரலில் காலமானார். தாயில்பட்டி போன்ற சிற்றூர்களினின்று கல்வியொன்றையே துணையாகக் கொண்டு வரும் நம் மாணவர், வறுமையிற் பிறந்த இவ்வாசிரியர் கூலிகளின் மக்களுக்குத் தேடித் தந்ததும் அத்துணையே என்பதை நினைவிற் கொள்வாராக.