அட்டையில் கிட்டார் செய்த தச்சர்

ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போய் முதல் ஸ்டைபண்ட் கைக்கு வந்ததும், நம்ம ஹாஸ்டலில் எப்படியும் நாலு பேருக்குக் கிட்டார் ஆசை வந்துவிடும். உடனே பஞ்சாயத்து ஆரம்பம். ஏழெட்டாயிரத்துக்கு ஒரு சாதா கிட்டார் வாங்கித் தினமும் வாசிப்பதா, இல்லை ரெண்டு வருஷம் ஈ.எம்.ஐ. கட்டியாவது லட்ச ரூபாய் கிட்டாரையே வாங்கிவிடுவதா? இதற்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கு. நான் சொல்லப்போவது 130 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு ஸ்பெயின் தச்சரின் கதை. இன்னிக்குக் கடையில் நீங்க பார்க்கும் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் உருவம் பெரும்பாலும் அவர் வகுத்ததுதான். பெயர் அன்டோனியோ டி டோரஸ்.

1817-ல் ஸ்பெயினின் தெற்கு ஓரம், அல்மேரியா ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா வரி வசூலிக்கும் வேலையில் இருந்தவர். பன்னிரண்டு வயதில் தச்சு வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் உள்நாட்டுப் போர் வந்தது. கல்யாணம் ஆகாதவர்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பையனைக் காப்பாற்ற, 1835-ல் வீட்டில் அவசரக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மணப்பெண்ணுக்கு வயது 13. பிள்ளைகள் பிறந்தன, அதில் ரெண்டு இறந்தன. கடன் கழுத்தை நெரித்தது. 1845-ல் மனைவியும் காசநோயில் போய்விட்டாள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பாருங்க.

பிறகு செவில் நகரத்துக்குப் போனார். அங்கேதான் தச்சர் கிட்டார்க்காரர் ஆனது. ஹூலியன் ஆர்காஸ் என்ற பெரிய வாசிப்புக்காரர் அவரை உற்சாகப்படுத்தி, கிட்டாரை எப்படி மேம்படுத்தலாம் என்று யோசிக்க வைத்தார். 1858-ல் செவில் கண்காட்சியில் டோரஸுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அவர் செய்ததில் நம்ம துறைக்காரர்களுக்குப் பிடிக்கும் விஷயம் 1862-ல் வருகிறது. கிட்டார் பெட்டியின் பின்பலகை, பக்கப்பலகை ரெண்டையும் காகிதக்கூழ் அட்டையில் செய்தார். மேல்பலகை மட்டும் வழக்கம்போல நல்ல மரம். ஒரு வேரியபிளை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று லேப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதேதான். பெட்டி அட்டையாக இருந்தும் கிட்டார் நன்றாகவே பேசியது. சத்தத்தின் பெரும்பங்கு மேல்பலகையில் இருக்கிறது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டிவிட்டார். அந்தக் கிட்டார் இப்போது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காரணம் நமக்குத் தெரிந்த மெக்கானிக்ஸ்தான். தந்தி ரொம்ப மெல்லிசு, தனியாக அதிர்ந்தால் காற்றை அவ்வளவாக நகர்த்தாது. அந்த அதிர்வை பிரிட்ஜ் வழியாக வாங்கி, காற்றைத் தள்ளுவது மேல்பலகை. பலகையின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. அதனால் பலகையை மெல்லிசாக்கினால் சத்தம் கூடும், ஆனால் தந்தி இழுக்கும் இழுப்பில் வளைந்து போய்விடும். டோரஸ் பலகையை மெல்லிசாக இழைத்து, சற்றுக் குவிந்த மாதிரி வைத்து, உள்ளே விசிறி போல ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டினார். விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடிப்பு இல்லை, அவருக்கு முன்னாடியே அந்தப் பக்கத்து ஆட்கள் போட்டிருக்கிறார்கள். பெட்டியைப் பெரிதாக்கி, 650 மில்லிமீட்டர் தந்தி நீளத்தை நிலைக்க வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று பொருந்த வைத்தது அவர் கெட்டிக்காரத்தனம்.

இப்போ உங்க பஞ்சாயத்துக்கு வருவோம். விலை உயர்ந்த கிட்டாரில் காசு எங்கே போகிறது? ஒரு பங்கு மேல்பலகைக்கு: ஒட்டுப்பலகை இல்லாமல் ஒரே மரமாக இருப்பது. அது நியாயமான செலவு. இன்னொரு பெரும் பங்கு பின்பலகை மரத்துக்கும், சிப்பி பதித்த வேலைப்பாட்டுக்கும், லேபிளில் இருக்கும் பெயருக்கும். உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகள் பின்பலகைக்குத் தேடி வாங்கும் மரங்களில் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியும் ஒன்று, தெரியுமா? டோரஸ் காலத்தில் வசதியானவர்களுக்குக் கடல் தாண்டி வந்த ரோஸ்வுட், வசதி இல்லாதவர்களுக்கு உள்ளூர் சைப்ரஸ். அவர் ரெண்டு வகையும் செய்தார். நம்ம தஞ்சாவூரிலும் ஒரே பலாமரத்தில் குடைந்த வீணைக்கு ஒரு விலை, ஒட்டு வீணைக்கு ஒரு விலை என்று இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

சரி, டோரஸ் யாருக்கு எதைக் கொடுத்தார்? கிட்டார்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1869-ல் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன், செலவை ஏற்றுக்கொண்ட புரவலரோடு செவிலில் இருந்த அவர் கடைக்கு வந்தான். பெயர் பிரான்சிஸ்கோ தாரெகா. டோரஸ் முதலில் எடுத்து நீட்டியது ஒரு சாதாரண கிட்டார். பையன் அதை வாசித்தான். கேட்டுக்கொண்டிருந்த டோரஸ் உள்ளே போய், ஐந்து வருஷத்துக்கு முன் செய்து தனக்கென்று வைத்திருந்த கிட்டாரை எடுத்துவந்து கொடுத்தார். தாரெகா அதை ஏறக்குறைய இருபது வருஷம் வாசித்தார். பின்னாளில் கிளாசிக்கல் கிட்டாரின் போக்கையே மாற்றிய ஆள் அவர்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வரிசைதான். சாதா கிட்டாரிலேயே அந்தப் பையனின் கை தெரிந்துவிட்டது. நல்ல கிட்டார் அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. நம்மில் பலர் இதைத் தலைகீழாக்குகிறோம்: முதலில் லட்ச ரூபாய், கை அப்புறம்.

இன்னொரு நடைமுறை விஷயமும் இருக்கு. ஒரே மரத்தில் செய்த மெல்லிய மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் வெடிக்கும். காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் அதற்குத் தோது. ஸ்ரீபெரும்புதூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்க ஹாஸ்டல் ரூம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் பக்கம் காயப்போட்ட ஜீன்ஸே சொல்லும். ஒட்டுப்பலகைக் கிட்டார் சத்தத்தில் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் கட்டிலடியில் கிடந்தாலும், கம்பெனி பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து வந்தாலும் தாங்கும். கடையில் தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனமாகப் பாருங்க. உயரமாக இருந்தால் விரல் வலித்தே ஒரு மாதத்தில் விட்டுவிடுவீங்க. தெரிந்த ஆளிடம் கொடுத்து அதைச் சரிசெய்யும் செலவு, கிட்டார் விலையில் சின்னப் பங்குதான்.

தாரெகாவுக்குத் தன் கிட்டாரைக் கொடுத்தவர் பணக்காரராகிவிட்டார் என்று நினைக்காதீங்க. 1870 வாக்கில் தொழிலையே விட்டுவிட்டு, இரண்டாவது மனைவியோடு அல்மேரியாவுக்குத் திரும்பி பீங்கான் பாத்திரக் கடை வைத்தார். ஸ்பெயினின் தலைசிறந்த கிட்டார்க்காரர் தட்டும் கோப்பையும் விற்றுக்கொண்டிருந்தார்! 1875 வாக்கில் கை சும்மா இருக்கவில்லை போல, கடை வேலைக்கு நடுவே மறுபடி இழைப்புளியை எடுத்தார். அதற்கப்புறம் செய்தவற்றின் லேபிளில் இரண்டாம் காலம் என்று தனியாகக் குறித்து, எண்ணும் போட்டார். 1883-ல் அந்த மனைவியும் இறந்த பிறகு வேலை கூடியது, வருஷத்துக்கு ஒரு டஜன் வரை.

வயதாகிக் கை நடுங்க ஆரம்பித்தபோது, உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் வந்து வேலையில் உதவினார். ரகசியத்தைச் சொல்லாமலே போய்விடப் போகிறாரோ என்று அவர்கள் கேட்டதற்கு, டோரஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: மறைப்பதற்கு எதுவும் இல்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பலகையைப் பிடித்துப் பார்க்கும்போது போதுமா போதாதா என்று விரல்நுனி சொல்லிவிடும், அதை எழுதிக்கொடுக்க முடியாது. 1892 நவம்பர் 19-ல், 75 வயதில், அல்மேரியாவில் இறந்தார்.